உக்குவது வேறு, சிதைவது வேறு

‘சிதைவடையும் பொலித்தீன்’ என்று அச்சடித்த பையில் சாமானைப் போட்டுக் கொடுத்துவிட்டு, “இது நல்ல பேக்குங்க, உக்கிப்போயிரும்” என்கிறார்கள் இலங்கையில் நம் மலையகத்துக் கடைகளில். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. சிதைகிற பொருள் உக்கும் என்று யார் சொன்னது? ஆங்கிலத்தில் ‘டிகிரேடபிள்’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டையும் அடைத்து விற்கிறார்கள். தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கும்போது அந்தக் குழப்பத்தையும் சேர்த்து இறக்குமதி செய்ய வேண்டுமா?

உகு என்றால் உதிர், சிந்து. ‘அங்கணத்துள் உக்க அமிழ்து’ என்று குறளில் (720) வருவது அழுக்கு முற்றத்தில் சிந்திய அமிழ்து. உக்கு அதற்குப் பக்கத்துச் சொல்: இற்று, மட்கி, மண்ணோடு மண்ணாவது. இற்றுப்போனதை உக்கல் என்போம். இதற்கு அகராதிகூடத் தேவையில்லை. தேயிலைக்குக் கவாத்து வெட்டின மலையில் விட்டுவைத்த இலையும் குச்சியும் என்ன ஆகிறது என்று தோட்டத்தில் யாரையாவது கேளுங்கள். “உக்கிப் பசளையாயிரும்” என்பார்கள். கவாத்துக் குச்சி சிதைவடைந்தது என்று எந்தக் கங்காணியும் சொல்லி நான் கேட்டதில்லை.

சிதைதல் என்பது உருக்குலைவது. பழைய கோயில் சிதைந்தால் கல் அங்கேதான் கிடக்கும். இந்தப் பைகளிலும் நடப்பது அதுதான். பொலித்தீனோடு கோபால்ட், மங்கனீசு போன்ற உலோகங்களின் உப்பைச் சிறிதளவு கலக்கிறார்கள். வெயிலும் சூடும் பட்டால், ஒட்சிசன் பொலித்தீனின் நீண்ட சங்கிலிகளை வேகமாக அறுக்கிறது. பை நொறுங்கித் தூளாகிறது. தூளும் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். ஐரோப்பிய ஒன்றியம் இந்த ‘ஒக்ஸோ’ வகைப் பொருள்களை 2019இல் கொண்டுவந்த சட்டத்தால் தடை செய்தது. 2021 ஜூலையிலிருந்து அங்கே விற்கக் கூடாது. ஆக, ‘சிதைவடையும்’ என்று பையில் எழுதியவர் ஒருவகையில் உண்மையைத்தான் எழுதியிருக்கிறார். அதை ‘உக்கும்’ என்று வாசித்துக்கொள்வது நாம்.

இதனால் வரும் கேடு சின்னதல்ல. குப்பையைத் தரம் பிரிக்கச் சொல்லும்போது ‘உக்கும்’, ‘உக்காத’ என்று இரண்டாகப் பிரிக்கச் சொல்கிறார்கள். நல்ல, தெளிவான சொற்கள். ஆனால் சிதைவடையும் பையை உக்கும் பக்கத்தில் போட்டால் கொம்போஸ்டுக்குள் பிளாஸ்டிக் துணுக்கு போய்விடும். அந்தப் பசளையைத்தான் மரக்கறித் தோட்டத்துக்கு இறைக்கப் போகிறோம். சரி, உக்காத பக்கத்திலேயே போட்டு மீள்சுழற்சிக்கு அனுப்பினால்? அங்கேயும் தொல்லை. நொறுங்க வைக்கக் கலந்த சரக்கு நல்ல பொலித்தீனோடு சேர்ந்து உருகினால், அதில் செய்யும் புதுப் பொருளும் உழைக்காது.

‘பயோடிகிரேடபிள்’ என்பதற்குப் பாடப்புத்தகக்காரர்களின் சொல் ஒன்று இருக்கிறது: ‘உயிரியல் ரீதியில் பிரிந்தழியக்கூடிய’. இதைத்தான் சரியான கலைச்சொல் என்று சில மொழிபெயர்ப்பாளர்கள் வாதாடுகிறார்கள். நுண்ணுயிர் செய்கிற வேலை என்பதைக் காட்ட ‘உயிரியல்’ வேண்டுமாம். உக்குதல் என்று சொன்னாலே அது உயிர்களின் வேலைதானே? பூஞ்சணமும் புழுவும் இல்லாமல் எது உக்குகிறது? இரும்பு துருப்பிடிக்கும், உக்கிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். அப்புறம் அந்த ‘அழி’. எங்கே அழிகிறது? இலை பசளையாகிறது, பசளை கொழுந்தாகிறது. உக்கு என்ற சொல்லில் மண் இருக்கிறது. பிரிந்தழிதலில் பிரிவும் அழிவும்தான் இருக்கின்றன, ஏதோ குடும்ப வழக்கு மாதிரி. பரீட்சைக்கு எழுதட்டும், பரவாயில்லை. லன்ச் சீட் பொதியில் இதை அச்சடித்தால் வாசிக்கும் முன்னே சோறு ஆறிவிடும்.

இந்த வியாதி பழையது. 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்தபோது ‘சேதனப் பசளை’ என்ற சொல் தோட்டம் தோட்டமாக வந்தது. சேதனம் உயிருள்ளதைக் குறிக்கும் வடசொல். என் காதில் அது சேதம் என்றே விழுந்தது. விளைச்சலைப் பார்த்தபின் அப்படி விழுந்ததில் தப்பில்லை என்றும் தோன்றியது. குப்பை அள்ளுவதற்கும் ‘திண்மக்கழிவு முகாமைத்துவம்’ என்று வாய் நிறையச் சொன்னால்தான் நம் ஆட்களுக்கு வேலை நடந்த திருப்தி.

தமிழ்நாட்டார் ‘மக்கும் குப்பை’ என்கிறார்கள். அதில் எனக்குச் சண்டை இல்லை, அதுவும் மண்ணை அறிந்த சொல். ஆனாலும் இங்கே உக்கும் என்பது வாயில் இருக்கும்போது மாற்றுவானேன்? போதாததற்கு மக்கு என்றால் மண்டையில் ஏறாதவன் என்றும் ஒரு பொருள் உண்டு.

கொழும்புக்குப் பக்கத்து மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்த 2017ஆம் ஆண்டிலேயே, செப்டெம்பரில், 20 மைக்ரோனுக்கு மெல்லிய பொலித்தீனையும் ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டியையும் நாட்டில் தடை செய்தார்கள். அதற்குப் பிறகு கோப்பை, கரண்டி, உறை எல்லாவற்றிலும் ‘உக்கும்’ என்ற சொல்லே தாராளமாக ஏறத் தொடங்கியது. இங்கேயும் ஒரு கண் வேண்டும். சோளம் போன்ற மாப்பொருளிலிருந்து செய்யும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் கோப்பை உண்மையில் உக்கும்தான். ஆனால் கிட்டத்தட்ட 60 பாகை சூடு பல வாரம் நிற்கிற தொழிற்சாலைக் கொம்போஸ்ட் கிடங்கில். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, ஆண்டுச் சராசரி வெப்பம் 16 பாகை அளவு. லயத்துக்குப் பின்னால் தோண்டிய குழியில் அந்தக் கோப்பையைப் போட்டால், அது கான் வழியே ஆற்றுக்குப் போகும்வரை கோப்பையாகவே இருக்கும்.

எனவே அதில் ‘சூட்டுக் கிடங்கில் மட்டும் உக்கும்’ என்று எழுதட்டும். ஒக்ஸோ பையில் ‘துண்டு துண்டாகும், உக்காது’ என்று எழுதட்டும். இடம் இல்லை என்று சொல்ல முடியாது. கடையின் பெயரை அரைப் பைக்கு அச்சடிக்க இடம் இருக்கிறதே.