குளூட்டன் இல்லாத உணவு: எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும், எதை விட்டுவிடலாம்

கோதுமை போன்ற தானியங்களிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் சேதமடையும் சீலியாக் நோய் என்று உறுதியானதும் உணவு ஆலோசனைக்கு வருபவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு பட்டியலோடுதான் வருகிறார்கள். ரொட்டி, பாஸ்தா, கேக், பிஸ்கட் எல்லாம் அதில் அடிக்கப்பட்டிருக்கும். தப்பில்லை. ஆனால் கோதுமை ரொட்டியை யாரும் தெரியாமல் சாப்பிட்டுவிடுவதில்லை. ஒரு வருடம் கட்டுப்பாடாக இருந்தும் ரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவு இறங்காமல் நிற்பவர்களைத் துருவித் துருவிக் கேட்டால், காரணம் சாஸ் பாட்டிலிலோ காலையில் பாலில் போட்டுச் சாப்பிடும் டப்பாவிலோ இருக்கிறது. அதே ஆள் உதட்டுச்சாயத்தில் குளூட்டன் இருக்குமோ என்று கவலைப்பட்டுக்கொண்டிருப்பார். உதட்டிலிருந்து வயிற்றுக்குப் போவது மிகச் சொற்பம். சாஸ் அப்படியில்லை.

அதனால் நான் முதலில் சொல்லிக்கொடுப்பது உணவுப் பட்டியல் இல்லை, ஒரு சின்னக் கணக்கு. கோதுமை ரொட்டியின் ஒரு துண்டில் ஏறக்குறைய 2 கிராம், அதாவது 2,000 மில்லிகிராம் குளூட்டன் இருக்கிறது. தினமும் 50 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் உள்ளே போனாலே சீலியாக் உள்ளவர்களின் சிறுகுடல் உறிஞ்சிகள் (உணவுச் சத்தை உறிஞ்சும் நுண்ணிய விரல் போன்ற நீட்சிகள்) சேதமடைவதை 2007இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஒரு நாளைக்கு 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் பெரும்பாலானவர்களுக்குச் சேதமில்லை என்பதுதான் இன்று பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. ரொட்டித் துண்டை இருநூறாகப் பிய்த்தால் அதில் ஒரு பங்கு. 'கொஞ்சமாச் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது' என்று உறவினர்கள் சொல்லும் அந்தக் கொஞ்சம், இதைவிட எத்தனையோ மடங்கு பெரியது.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட, ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது என்பது சர்வதேச உணவுத் தரநிலையான கோடெக்ஸின் வரம்பு. 20 பிபிஎம் என்று சொல்வது இதைத்தான். அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் இதே எண்தான். சரியாக வரம்பில் நிற்கும் பொருளாகவே இருந்தாலும், 10 மில்லிகிராமை எட்ட அரைக் கிலோ சாப்பிட வேண்டும். ஆகவே முறையாக லேபிள் இட்ட பொருளைச் சந்தேகப்பட்டு ஒதுக்கத் தேவையில்லை. கவனத்தை வேறு இடத்துக்குத் திருப்பலாம்.

குளூட்டன் எந்தெந்தத் தானியத்தில் இருக்கிறது? கோதுமை, பார்லி, ரை. கோதுமைக்கும் ரைக்கும் ஒட்டுப்பயிரான டிரிட்டிகேல். அவ்வளவுதான், ஆனால் கோதுமைக்கு வேஷம் அதிகம். மைதா, ரவை, சேமியா, கூஸ்கூஸ், புல்கர் எல்லாம் அதுவேதான். ஸ்பெல்ட், ஐன்கார்ன், எம்மர் என்று 'பழங்காலத் தானியம்' அடைமொழியோடு விற்கப்படுபவையும் கோதுமை இனங்களே. பழசு என்பதால் குடல் மன்னித்துவிடாது. புளிக்கவைத்த சோர்டோ ரொட்டியிலும் குளூட்டன் முழுசாகச் சிதைவதில்லை. கோதுமைக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர் வில்லெம் கரேல் டிக்கே 1930களிலேயே சந்தேகித்தார். 1944–45 பஞ்சக் குளிர்காலத்தில் ரொட்டியே கிடைக்காதபோது நோயுற்ற குழந்தைகள் தேறியது அந்தச் சந்தேகத்தை வலுப்படுத்தியது. அதுவரை எந்த உணவு காரணம் என்றே தெரியாமல்தான் வைத்தியம் நடந்தது. பக்வீட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது கோதுமைக் குடும்பமே இல்லை.

கோதுமை, பார்லி, ரை மூன்றில் அதிகம் ஏமாற்றுவது பார்லி. அது பார்லியாக வருவதில்லை, மால்ட்டாக வருகிறது. ஒரு தாய் தன் மகனுக்குச் சாப்பிடக் கொடுக்கும் டப்பாக்களை எல்லாம் பையில் போட்டுக் கொண்டுவந்து என் மேஜையில் அடுக்கினார். எட்டு வயதுப் பையன், எடை ஏறவில்லை. முதல் டப்பா கார்ன்ஃப்ளேக்ஸ்.

"இது சோளம்தானே மேடம்? தினமும் காலையில இதைத்தான் குடுக்குறேன்."

"திருப்பிப் பாருங்கம்மா. பின்னாடி என்ன போட்டிருக்கு?"

விரலை வைத்துப் படித்தார். சோளம், சர்க்கரை, உப்பு, பார்லி மால்ட் சாறு. மால்ட் என்பது சுவைக்குச் சேர்க்கும் ஏதோ ஓர் இனிப்பு என்று நினைத்திருக்கிறார். சுவைக்குத்தான் சேர்க்கிறார்கள், ஆனால் முளைகட்டிய பார்லியிலிருந்து எடுத்தது. முன்பக்கத்தில் தங்க நிறச் சோளக் கதிர் படம் பெரிதாக இருந்தது.

மால்ட் பானப் பொடிகள், மால்ட் வினிகர், சில சாக்லேட்டுகள், பியர் என்று இந்தப் பட்டியல் நீளும். பியரில் 'குளூட்டன் அகற்றப்பட்டது' என்று ஒரு வகை வருகிறது. பார்லியில் செய்து, நொதியால் குளூட்டனைத் துண்டாக்கியது. துண்டான புரதத்தை வழக்கமான பரிசோதனை முறைகள் நம்பகமாக அளக்க முடிவதில்லை என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை. சோயா சாஸுக்கும் இதே காரணம்தான்; வழக்கமான சோயா சாஸ், சோயாவும் கோதுமையும் சேர்த்து நொதிக்க வைப்பது. டமாரி என்ற வகையில் பெரும்பாலும் கோதுமை இருக்காது. பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன், படித்துப் பார்த்து வாங்குங்கள். கெட்டியான சூப், கிரேவிப் பொடி, சாசேஜ், மீன் விழுதில் நண்டு வாசனை சேர்த்து விற்கும் நண்டுக் குச்சி, பொரிப்பதற்கு முன்பே மாவு தூவிய உருளைக்கிழங்கு எல்லாமே சந்தேக வரிசைதான்.

லேபிளில் ஒரு சட்ட நுணுக்கம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் குளூட்டன் உள்ள எல்லாத் தானியங்களையும் ஒவ்வாமைப் பொருளாக எடுத்துக்காட்டியாக வேண்டும். அமெரிக்காவில் அந்தக் கட்டாயம் கோதுமைக்கு மட்டும்; பார்லிக்கும் ரைக்கும் இல்லை. ஆகவே 'ஒவ்வாமை: கோதுமை இல்லை' என்ற கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டு வாங்கினால் மால்ட் நழுவி உள்ளே வந்துவிடும். 'கோதுமை அற்றது' வேறு, 'குளூட்டன் இல்லாதது' வேறு. மறுபக்கம், மாவுச்சத்திலிருந்து எடுக்கும் மால்டோடெக்ஸ்ட்ரின் என்று லேபிளில் கண்டதும் பதறுகிறார்கள். பெயரில்தான் மால்ட், பொருளில் இல்லை. கோதுமையிலிருந்து எடுத்ததாகவே இருந்தாலும் சுத்திகரிப்பில் புரதம் ஏறக்குறைய போய்விடுகிறது. அதை விட்டுவிடலாம்.

கோதுமை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மட்டும் இங்கே ஒரு எச்சரிக்கை. சில குளூட்டன் இல்லாத ரொட்டிகளில் குளூட்டன் நீக்கிய கோதுமை ஸ்டார்ச் சேர்க்கிறார்கள். சீலியாக் உள்ளவருக்கு அது சரி. கோதுமை ஒவ்வாமைக்காரருக்கு ஆபத்து, ஏனென்றால் அவர் உடல் எதிர்ப்பது குளூட்டனை மட்டுமாக இருக்க வேண்டியதில்லை. இரண்டு நோய்க்கும் ஒரே அலமாரி போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்தது, இயல்பிலேயே குளூட்டன் இல்லாத தானியம். அரிசி, சோளம், சிறுதானியம், பருப்பு, சோயா. இவற்றில் பலருக்கு லேபிளே தேவையில்லை என்ற நினைப்பு. 2010இல் அமெரிக்காவில், குளூட்டன் இல்லாதவை என்று லேபிள் இடப்படாத இப்படிப்பட்ட 22 தானிய, மாவு மாதிரிகளைச் சோதித்தார்கள். 7 மாதிரிகள் 20 பிபிஎம்மைத் தாண்டின. சிறுதானியமும் அவற்றில் உண்டு, சோயா மாவு ஒன்று 2,900ஐத் தாண்டியது. ஒரே வயலில் மாற்றி மாற்றி விதைக்கிறார்கள், ஒரே லாரி, ஒரே மில். குறிப்பாக மாவு. முழுத் தானியத்தையாவது தட்டில் பரப்பிப் பார்க்கலாம், மாவில் என்ன தெரியும்?

பருப்பை வெள்ளைத் தட்டில் ஒரு கை போட்டுப் பரப்புங்கள். பருப்பு உருண்டையாகவோ தட்டையாகவோ இருக்கும். நீள்வட்டமாக, நடுவில் கீறலோடு ஒரு மணி கிடந்தால் அது கோதுமையோ பார்லியோ. ஒரு கோதுமை மணி சுமார் 40 மில்லிகிராம் எடை, அதில் 4 மில்லிகிராம் போலக் குளூட்டன். மூன்று மணி ஒரு தட்டில் விழுந்தால் அன்றைய கணக்கு முடிந்தது. பொறுக்கிய பிறகு நன்றாகக் கழுவினால் ஒட்டிய தூசியும் போகும். மாவு வேண்டுமென்றால் சான்றளித்த பாக்கெட்டை வாங்குங்கள், அல்லது பொறுக்கிய தானியத்தைச் சொந்த மிக்சியில் அரையுங்கள்.

ஓட்ஸ் பற்றிக் கேட்காதவர் இல்லை. சுத்தமான ஓட்ஸ் பெரும்பாலானவர்களுக்கு ஒத்துக்கொள்கிறது, சிலருக்கு அதிலுள்ள அவெனின் புரதமே ஆவதில்லை. சாதாரண ஓட்ஸில் கோதுமையும் பார்லியும் கலந்திருப்பது சகஜம். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஓட்ஸ் உள்ள பொருளைக் குளூட்டன் இல்லாதது என்று விற்கவே முடியாது. என் வழக்கம்: முதல் சில மாதம் வேண்டாம், எதிர்ப்பொருள் இறங்கியபின் குளூட்டன் இல்லாதது எனச் சான்று பெற்ற ஓட்ஸைக் குறைந்த அளவில் ஆரம்பித்துப் பார்ப்போம்.

சமையலறைக்கு வந்தால், வெப்பம் குளூட்டனை அழிப்பதில்லை என்பதை மட்டும் மனதில் வையுங்கள். வறுத்தாலும் கொதித்தாலும் அது அப்படியே இருக்கும். சானிட்டைசரும் உதவாது, சோப்பும் தண்ணீரும் அதைக் கழுவி அகற்றும், அது போதும். கோதுமைப் பாஸ்தா வெந்த தண்ணீரிலேயே உங்கள் பாஸ்தாவையும் போடுவது, மாவில் புரட்டியதைப் பொரித்த எண்ணெயில் உங்களுக்கும் பொரிப்பது, பொதுவான ஜாம் பாட்டிலில் ரொட்டித் தூள் ஒட்டிய கத்தியை விடுவது ஆகியவைதான் உண்மையான தொல்லை. டோஸ்டரை வைத்துச் செய்த ஒரு சிறிய ஆய்வில் ரொட்டித் தூள் ஒட்டியும் அளவு 20 பிபிஎம்முக்குக் கீழேதான் வந்தது. தனி டோஸ்டர் வாங்க முடிந்தால் வாங்குங்கள், முடியாவிட்டால் அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். வறுத்தெடுக்கும் கரண்டியும் வடிகூடையும் தனியாக இருப்பது அதைவிட முக்கியம்.

ஹோட்டலில் 'குளூட்டன் இருக்கா?' என்று கேட்டால் 'இல்லை' என்றுதான் பதில் வரும். 'இந்த எண்ணெயில் வேறு என்ன பொரிக்கிறீர்கள், சாஸ் எந்தப் பாட்டில்?' என்று கேளுங்கள். பரிமாறுபவர் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தால் நல்ல அறிகுறி.

குளூட்டனைச் செரிக்கவைக்கும் மாத்திரை என்று விற்பவை உங்களைக் காக்காது. சாப்பிடும் மருந்துகளில் குளூட்டன் இருப்பது அரிது, இருந்தாலும் மருந்தாளுநரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளலாம். குளூட்டன் இல்லாத பிஸ்கட்டும் கேக்கும் பிஸ்கட்டும் கேக்கும்தான். பலவற்றில் நார்ச்சத்தும் இரும்பும் ஃபோலேட்டும் குறைவு, சர்க்கரை கூடுதல். பருப்பு, காய்கறி, முட்டை, மீன், பழம், கொட்டைகள் என்று லேபிள் அதிகம் தேவைப்படாத உணவு தட்டில் பெரும்பங்கு இருக்கட்டும். பால் ஆரம்பத்தில் வயிற்றைக் கலக்கலாம். உறிஞ்சிகள் சேதமானபோது பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்கும் நொதியும் குறைந்துபோகிறது, குடல் ஆறும்போது பலருக்கு அது திரும்பிவிடும். அதைக் குளூட்டன் பட்டுவிட்டது என்று நினைத்துக் குழம்புகிறார்கள்.

இதைப் படித்துவிட்டு, இன்னும் பரிசோதனை செய்யாதவர் நாளைக்கே கோதுமையை நிறுத்த வேண்டாம். குளூட்டன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் ரத்தப் பரிசோதனையும், சிறுகுடலிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்சியும் சரியாகக் காட்டும். நிறுத்திவிட்டு வந்தால், கண்டுபிடிப்பதற்காக மறுபடியும் வாரக்கணக்கில் சாப்பிடச் சொல்ல வேண்டியிருக்கும்.

நோய் உறுதியானவர்களுக்கு எதிர்ப்பொருள் அளவு இறங்க ஆறு மாதம் முதல் ஒரு வருடம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். பெரியவர்களுக்குக் குடல் முழுமையாக ஆற இரண்டு வருடமும் போகலாம். இறங்கிக்கொண்டிருந்தால் சரி. நின்றுவிட்டால், தினமும் வீட்டில் திறக்கும் டப்பா, பாட்டில் ஒவ்வொன்றின் பின்பக்கத்தையும் படமெடுத்துக்கொண்டு உங்கள் உணவியல் நிபுணரிடம் போங்கள். அங்கிருந்துதான் தேட ஆரம்பிப்போம்.