இயர்போன் ஏன் காதில் சுள்ளென்று அடிக்கிறது?

டொராண்டோ நகரின் மையப்பகுதியில், கட்டடங்களுக்கு அடியே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளத்துக்குப் பரவியிருக்கும் ‘பாத்’ என்னும் நிலத்தடி நடைபாதையில், ஜனவரி மாதத்தில் கோட்டைக் கழற்றாமல் நடந்தவர்களுக்கு இந்த அனுபவம் புதிதாக இருக்காது. நைலான் துணியாலான கோட்டுப் பைக்குள் கைபேசி. அதிலிருந்து கிளம்பும் வயர் கோட்டின் உட்புறமாக ஏறிக் காதுக்கு வருகிறது. பத்து நிமிடம் நடந்ததும் கட்டெறும்பு கடித்தாற்போல இடது காதில் சுள்ளென்று ஒரு வலியும், கூடவே ‘டப்’ என்று ஒரு சத்தமும். பாட்டு நிற்பதில்லை. சற்று நேரத்தில் மறுபடியும் அதே கடி. சென்னையில் இருந்தவரை எனக்கு ஒருநாளும் இப்படி நேர்ந்ததில்லை என்பதால், முதல் பனிக்காலத்தில் இயர்போனில்தான் கோளாறு என்று எண்ணிப் புதிதாக ஒன்று வாங்கினேன். அதுவும் கடித்தது.

கைபேசியின் பேட்டரி தருவது 4 வோல்ட்டுக்கும் சற்றுக் குறைவான மின்னழுத்தம். பாட்டுக்காக இயர்போனுக்குச் செல்வது பெரும்பாலும் 1 வோல்ட்டைக்கூடத் தாண்டாது. உலர்ந்த தோல் இதை உணரவே உணராது. ஆகவே காதைக் கடிக்கும் மின்சாரம் கைபேசிக்குள் பிறந்ததன்று; நடக்கிறவரின் உடைகளுக்கிடையே உராய்வால் பிறந்த நிலைமின்சாரம்.

இருவேறு பொருள்கள் தொட்டுப் பிரியும்போது ஒன்றில் நேர்மின்னூட்டமும் மற்றொன்றில் எதிர்மின்னூட்டமும் தங்கிவிடுகின்றன. உராய்தல் என்பது இவ்வாறு தொட்டுப் பிரிதல் பலநூறு முறை நிகழ்வதுதான். எந்தப் பொருள் எந்தப் பக்கம் சாயும் என்பதை வரிசைப்படுத்திய முதல் பட்டியலை 1757இல் ஸ்வீடன் நாட்டு இயற்பியலாளர் யோஹான் கார்ல் வில்கே வெளியிட்டார். இன்றைய பட்டியல்களில் தலைமுடி, கம்பளி, நைலான் ஆகியவை நேர்மின் பக்கத்திலும், பாலியெஸ்டர், பி.வி.சி., சிலிக்கோன் ஆகியவை எதிர்மின் பக்கத்திலும் இருக்கும். பி.வி.சி. உறையிட்ட இயர்போன் வயர் நைலான் துணியில் ஓயாமல் உரசுகிறது என்றால், மின்னூட்டம் சேர்வதற்கு அதைவிடப் பொருத்தமான இணை கிடைப்பது அரிது. ஆனால் பள்ளிப் பாடநூல் ‘எலக்ட்ரான்கள் இடம் மாறுகின்றன’ என்று ஒரே வரியில் முடித்துவிடும் இந்த நிகழ்வு, உண்மையில் இன்னும் முழுமையாகத் தீர்க்கப்படாத கேள்வி. உரசிய ஒரே பரப்பில் நேர்மின் திட்டுகளும் எதிர்மின் திட்டுகளும் கலந்து கிடப்பதை நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் காட்டினார்கள். எலக்ட்ரான்களோடு அயனிகளும், பொருளின் நுண்துணுக்குகளுமே இடம் மாறக்கூடும்.

ஒட்டியிருந்த இரு பரப்புகளை விலக்கும்போது அவற்றின் மின்தேக்குத்திறன், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் திறன், குறைகிறது. மின்னூட்டம் மாறாதிருக்க, மின்னழுத்தம் மட்டும் ஏறுகிறது. சில ஆயிரம் வோல்ட் இப்படித்தான் வருகிறது. எதிரெதிர் மின்னூட்டங்களைப் பிரிப்பதற்கான வேலையைச் செய்வது நம்முடைய கால்களும் கைகளுமே.

இப்போது வயரின் பங்குக்கு வருவோம். பைக்குள் கிடக்கும் கைபேசி, பிளாஸ்டிக் உறைக்குள் தனித்து விடப்பட்ட ஒரு கடத்தி. அதற்கும் உடலுக்கும் இடையே மெல்ல வளரும் மின்னழுத்த வேறுபாடு, செம்புக் கம்பி வழியாகக் காதருகே வந்து நிற்கிறது. இயர்போனின் முனையில் உள்ள உலோக வலைக்கும் காதின் தோலுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர் காற்று இருப்பதாகக் கொண்டால், அதைத் துளைக்க ஏறத்தாழ 3000 வோல்ட் வேண்டும். அந்த அளவை எட்டும்வரை ஒன்றும் நிகழாது. எட்டிய கணத்தில் இடைவெளியில் பொறி பாய்ந்து, கணக்கு நேராகிவிடும். விட்டுவிட்டுக் கடிப்பதன் காரணமும் இதுதான். டிரெட்மில்லின் திரையிலோ, எர்த் இணைப்புள்ள மேசைக் கணினியிலோ இயர்போனைச் செருகியிருந்தால் கதை சற்று மாறும்: அங்கே உடலில் சேர்ந்த மின்னூட்டமே காது வழியாகத் தரைக்கு இறங்குகிறது, கடியும் கூடுதலாக இருக்கும்.

மின்னணுப் பொறியாளர்கள் தங்கள் சோதனைகளில் மனித உடலை 100 பிக்கோஃபாரட் திறனுள்ள, அதாவது மிகச் சிறிய அளவே மின்னூட்டத்தைத் தேக்கும், மின்தேக்கியாகக் கருதுகிறார்கள். அது 4000 வோல்ட்டுக்கு மின்னேற்றம் பெற்றிருந்தால், அதில் உள்ள ஆற்றல் 0.8 மில்லிஜூல். 20 மில்லிகிராம் எடையுள்ள ஓர் அரிசி, 4 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து தரும் அடிக்கு இது சமம். அது ஊசிமுனையினும் சிறிய ஓரிடத்தில், மெல்லிய தோலின்மீது, ஒரு மைக்ரோநொடிக்கும் குறைவான நேரத்தில் இறங்குவதால்தான் வலிக்கிறது. செவிப்பறைக்கு மிக அருகில் வெடிக்கும் பொறியின் சத்தம் அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது.

சென்னையில் இது நேராததற்கு, ஈரக் காற்று மின்சாரத்தைக் கடத்திவிடுகிறது என்று பலரும் காரணம் சொல்வார்கள். அது சரியன்று. ஈரப்பதம் மிகுந்த காற்றில் துணி, வயர், தோல் ஆகிய எல்லாவற்றின்மீதும் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிகிறது. மின்னூட்டம் அதன் வழியே சேரச் சேரவே கசிந்துவிடுகிறது. 30 டிகிரி வெப்பமும் 70 விழுக்காடு ஈரப்பதமும் கொண்ட சென்னைக் காற்றில், ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 21 கிராம் நீராவி உண்டு. மைனஸ் 10 டிகிரிக் காற்று எவ்வளவு முயன்றாலும் இரண்டரை கிராமுக்கு மேல் தாங்காது. அதே காற்றைக் கட்டடத்துக்குள் இழுத்து 22 டிகிரிக்குச் சூடாக்கினால், ஈரப்பதம் 11 விழுக்காடு அளவுக்கு இறங்கிவிடும்.

அறையில் ஈரப்பதமூட்டி வைப்பதும், பருத்தி உடை அணிவதும், கைக்கு மாய்ஸ்சரைசர் தடவுவதும் ஓரளவு உதவும். எனக்குப் பயன்பட்டது வேறு: கைபேசியைப் பையில் போடாமல், அதன் உலோக விளிம்பில் விரல் படும்படி கையிலேயே வைத்துக்கொள்வது. உடலும் கைபேசியும் ஒரே மின்னழுத்தத்தில் இருந்துவிட்டால் பொறிக்கு வேலையில்லை.

ஒன்றை மட்டும் இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. சார்ஜரில் செருகியிருக்கும்போது மட்டும், ஒரே கடியாக இல்லாமல் தொடர்ந்து விறுவிறுவென்று இருந்தால், அது நிலைமின்சாரமன்று; சார்ஜர் வழியாகக் கசியும் வீட்டு மின்சாரம். நல்ல சார்ஜரிலும் மிகச் சிறிய கசிவு உண்டு என்றாலும், தரமற்ற சார்ஜரில் காப்பு பழுதாகியிருந்தால் அது உயிருக்கே ஆபத்தாகலாம். அப்போது முதலில் காதிலிருந்து இயர்போனை எடுத்துவிட்டு, சுவிட்சை அணைத்த பிறகே சார்ஜரைக் கழற்ற வேண்டும்.