யானை வழித்தடம்: சொல் விளக்கம்

ஒரே செய்தியில் மூன்று பெயர்கள் வரும். தலைப்பில் 'யானை வலசைப் பாதை' என்றிருக்கும், உள்ளே 'யானை வழித்தடம்' என்றிருக்கும், அதிகாரி பேசும் இடத்தில் 'எலிஃபன்ட் காரிடார்' என்றிருக்கும். மூன்றும் ஒன்றுதான் என்று படித்துக்கொண்டு போய்விடுகிறோம். நிலம், வேலி, வழக்கு என்று வரும்போதுதான் இவை ஒன்றல்ல என்பது தெரிகிறது. எந்தச் சொல்லைச் சொல்கிறோமோ அதற்கேற்ப யானைக்கு விடவேண்டிய இடமும் சுருங்குகிறது, விரிகிறது.

'காரிடார்' இத்தாலியிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். ஓடுதல் என்ற பொருள் தரும் வினைதான் அதன் வேர். முதலில் கோட்டை அரணை ஒட்டி, வீரர்கள் மறைவாக ஓடிச் செல்வதற்கு அமைத்த வழியைக் குறித்தது. பிறகு கட்டடத்துக்குள் அறைகளை இணைக்கும் நடைக்குப் பெயரானது. முதல் உலகப்போர் முடிந்து 1919-இல் செய்த உடன்படிக்கையின்படி, போலந்து கடலைத் தொடுவதற்காக ஒரு நிலத்துண்டை ஒதுக்கினார்கள். அதற்கும் 'போலந்து காரிடார்' என்றே பெயர். இரண்டு பெரிய இடங்களை இணைக்கும் ஒடுங்கிய நிலம் என்ற பொருள் அப்போதே உலகம் முழுவதும் பழகிவிட்டது.

வீட்டில் இருக்கும் காரிடாருக்கு நம்மிடம் அழகான சொல் உண்டு: இடைகழி. அதுதான் பேச்சில் 'ரேழி' ஆனது. திருக்கோவலூரில் மழை இரவில் முதலாழ்வார் மூவரும் சந்தித்தது ஓர் இடைகழியில்தான். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்ற அளவே அங்கே இடம். யானைக்குக் காரிடார் என்றதும் பலர் மனத்தில் வருவது இப்படியொரு ரேழிதான். ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் வெளியேறுவதற்கு மட்டுமான இடம். குழப்பம் தொடங்குவதும் இங்கேதான்.

காட்டியலுக்குள் இந்தச் சொல் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1967-இல் ராபர்ட் மக்ஆர்தரும் எட்வர்ட் வில்சனும் தீவு உயிரினப் பரவல் பற்றிய கோட்பாட்டை முன்வைத்தார்கள். தீவு சிறிதாகவும் கரையிலிருந்து தொலைவாகவும் இருந்தால் அதில் தங்கும் உயிரினங்களின் வகையும் குறைவாக இருக்கும் என்பது அதன் சாரம். நாலாபுறமும் தோட்டமும் சாலையும் ஊரும் சூழ்ந்த காடும் ஒரு தீவுதானே என்ற கேள்வி உடனே எழுந்தது. சரணாலயம் என்று வரைபடத்தில் கோடு போட்டுக் காப்பாற்றினாலும், அடுத்த காட்டோடு தொடர்பு அறுந்துவிட்டால் உள்ளே இருக்கும் விலங்கு தன் கூட்டத்துக்குள்ளேயே இணைசேர்ந்து நலியும். வறட்சி வந்தாலும் தீ வந்தாலும் அதற்குப் போக்கிடம் இருக்காது. ஆகவே துண்டுகளை இணைக்க வேண்டும், இணைக்கும் நிலத்துக்குப் பெயர் காரிடார் என்றார்கள்.

பாடநூல்களில் இந்த அறுபடுதலை 'வாழிடத் துண்டாதல்' என்றும் 'வாழிடத் துண்டாடல்' என்றும் எழுதுகிறார்கள். நான் இரண்டாவதையே எழுதுவேன். காடு தானாகத் துண்டாவதில்லை. அதைத் துண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இனி வலசை. தெலுங்கில் 'வலச' என்றால் இடம்பெயர்தல். தமிழிலும் பஞ்சத்துக்கோ படைக்கோ அஞ்சி மக்கள் ஊரைவிட்டுப் பெயர்வதை வலசை போதல் என்பார்கள். ராமநாதபுரம் பக்கம் பிரப்பன்வலசை, சாத்தக்கோன்வலசை, தென்காசி அருகே குத்துக்கல்வலசை என்று ஊர்ப்பெயர்களிலும் அந்தச் சொல் தங்கியிருக்கிறது. மக்களுக்குரிய இந்தச் சொல்லைப் பறவை நோக்குகிறவர்கள் எடுத்துக்கொண்டது நல்ல தேர்வு. குளிர்காலத்தில் கோடியக்கரைக்கு வந்து, கோடையில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டித் திரும்பும் உள்ளானுக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது.

யானைக்கு அது பொருந்தவில்லை. யானை ஒரு நாட்டைவிட்டு இன்னொரு நாட்டுக்குப் போய்த் தங்கித் திரும்பும் விலங்கன்று. நாளொன்றுக்கு 150 கிலோ அளவுக்குத் தீவனமும் 100 லிட்டருக்கு மேல் தண்ணீரும் வேண்டிய உடம்பு அது. ஒரே இடத்தில் நின்றால் அந்த இடமே மொட்டையாகிவிடும். அதனால் மழையையும் புல்லையும் தண்ணீரையும் பார்த்து, பாட்டி யானை நடத்திச் செல்ல, தன் சொந்த எல்லைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நீலகிரிப் பகுதியில் ரேடியோ பட்டை கட்டி ஆராய்ந்த கூட்டங்கள் 500 சதுர கிலோமீட்டருக்கும் மேல் சுற்றின. அத்தனையும் அதன் வீடு. 'வலசை' என்றதும் எங்கிருந்தோ வந்து எங்கோ போகும் விருந்தாளி என்ற எண்ணம் வந்துவிடுகிறது. "இந்தப் பக்கம் ஆனை வந்து ரெண்டு வருசமாச்சு, இது எப்படி வலசைப் பாதை?" என்று மனை விற்கிறவர் கேட்பதற்கு நாமே வழி செய்து கொடுக்கிறோம்.

மசினகுடியைச் சுற்றியுள்ள சீகூர் மேட்டுநிலத்தை ஒருமுறை வரைபடத்தில் பாருங்கள். தெற்கே உதகை மலை சுவர்போல ஏறி நிற்கிறது. வடக்கே மாயாறு ஆழமான பள்ளத்தாக்கை வெட்டிக்கொண்டு ஓடுகிறது. யானை அந்தச் செங்குத்தில் ஏறவும் முடியாது, அந்தப் பள்ளத்தில் இறங்கவும் முடியாது. முதுமலை, பந்திப்பூர், வயநாடு பக்கத்துக் காடுகளிலிருந்து சத்தியமங்கலம் பக்கம் போக, இடையில் உள்ள இந்த முட்புதர்க் காடுதான் வழி. மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் கைகோக்கும் இடமும் இதுதான். இங்கே கழுதைப்புலி உண்டு, வெளிமான் உண்டு, பாறு கழுகு கூடு கட்டுகிறது. வழித்தடம் என்று நாம் சொல்லும் நிலம் இவற்றுக்கு நிரந்தரக் குடியிருப்பு. யானையும் அங்கே மேய்கிறது, குட்டி ஈனுகிறது.

யானை புழங்கும் இடத்தை அடையாளம் காண வரைபடமே தேவையில்லை. ஓடைக்கரை மரங்களில் ஆள் உயரத்துக்கும் மேலே சேறு அப்பியிருக்கும். திரும்பத் திரும்ப உரசி உரசிப் பட்டை வழவழப்பாகியிருக்கும். ஆண்டுக்கணக்கில் மிதிபட்ட மண் கெட்டித்திருக்கும். இதைத்தான் தமிழில் தடம் என்கிறோம். காலடிச் சுவடு, வழி என்ற இரண்டு பொருளும் அதற்கு உண்டு. "தடவும் கயவும் நளியும் பெருமை" என்று தொல்காப்பியம் 'தட' என்ற உரிச்சொல்லுக்குப் பெருமைப் பொருள் சொல்கிறது. தடந்தோள் என்றால் அகன்ற தோள். இரண்டு சொல்லுக்கும் வேர் ஒன்றுதான் என்று நான் வாதிடவில்லை. ஆனால் தடம் என்று காதில் விழும்போது அகலமும் சேர்ந்தே ஒலிப்பது நமக்கு வாய்த்த நன்மை. மலையாளத்தில் 'ஆனத்தார' என்ற சொல் மக்கள் பேச்சிலேயே இருக்கிறது. நம் மலையடிவார ஊர்களில் 'ஆனை போற வழி' என்பார்கள்.

எவ்வளவு அகலம் என்பதுதான் நீதிமன்றத்திலும் கேள்வியானது. 2010 ஆகஸ்ட் 31 அன்று தமிழ்நாடு அரசு சீகூர் யானை வழித்தடத்தை அறிவித்தது. விடுதி உரிமையாளர்கள் எதிர்த்தார்கள். 2011 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றமும், 2020 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றமும் அந்த அறிவிப்பு செல்லும் என்றன. அடுத்த மூன்றே மாதத்தில், 2021 ஜனவரியில், மசினகுடி அருகே விடுதிப் பக்கம் வந்த ஆண் யானைமேல் எரியும் டயரை வீசினார்கள். காது கருகிப் புண்ணாகி அது செத்தது. அந்தக் காணொளியைப் பார்த்தவர்களுக்கு 'மனித இடையூறு' என்ற சொல் எவ்வளவு மென்மையானது என்று தெரியும்.

இடையூறு என்பது கட்டடம் மட்டுமில்லை. இரவில் விலங்கு காட்டுகிறேன் என்று ஜீப்பில் சுற்றுவது, காட்டுக்குள் அடிக்கும் விளக்கு, பாட்டுச் சத்தம், புல்லை மூடிப் படரும் உண்ணிச்செடி, ஒரு தோட்டத்தைச் சுற்றிய மின்வேலி எல்லாமே வழியை மறிக்கின்றன. தந்தத்தில் மின்சாரம் பாயாது என்று யானை கற்றுக்கொண்டு கம்பியைத் தந்தத்தால் இழுத்து அறுக்கிறது, மரத்தை வேலிமேல் தள்ளுகிறது. பெண் யானைக்கும் குட்டிக்கும் அது வாய்க்காது, சுற்றிப் போகின்றன. சுற்றிப் போகிற இடத்தில் சிறு விவசாயியின் வாழை இருக்கும். இருளரும் குறும்பரும் இந்த நிலத்தில் தலைமுறைகளாக இருக்கிறார்கள். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அவர்களுக்கு உரிமை தருகிறது. காரிடார் என்ற பெயரைக் கேட்டாலே தங்களை வெளியேற்றப் போகிறார்களோ என்று அவர்கள் அஞ்சும்படி அரசு நடந்துகொள்ளக் கூடாது. சொகுசு விடுதியையும் பழங்குடிக் குடிசையையும் ஒரே தட்டில் வைப்பது அநியாயம்.

ஆகவே என் பரிந்துரை இது. யானைக்கு 'வழித்தடம்' என்று எழுதுவோம். 'வலசைப் பாதை' பறவைகளிடமே இருக்கட்டும். பொதுவாகச் சொல்லும்போது 'காட்டிணைப்பு நிலம்' என்றும் எழுதலாம். அது நிலத்தைச் சொல்கிறது, கோட்டைச் சொல்லவில்லை. ஒன்றிய அரசின் 2023 அறிக்கை இந்தியாவில் 15 மாநிலங்களில் 150 யானை வழித்தடங்களைக் கணக்கிடுகிறது.

'வழித்தடம்' பேருந்துக்கும் ரயிலுக்கும் வழங்கும் சொல்லாயிற்றே என்று கேட்கலாம். கோவையை அடுத்த மதுக்கரை–வாளையார் இடையில் ரயிலின் வழித்தடமும் யானையின் வழித்தடமும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. 2021 நவம்பர் 26 இரவு நவக்கரை அருகே விரைவு ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. பிறகு தண்டவாளத்துக்கு அடியில் யானை கடக்கச் சுரங்க வழிகள் கட்டினார்கள். 2024 முதல், தண்டவாளத்தை நெருங்கும் யானையைக் கேமரா பார்த்ததும் ரயிலை மெதுவாக ஓட்டச் சொல்லி ஓட்டுநருக்குத் தகவல் போகிறது.