பயோமார்க்கர்: அறிகுறியா, சுட்டியா?

'பேரிடரில் தப்பியவர்களின் மனவடுவைக் காட்டும் உயிரியல் அறிகுறிகள்.' இந்த மாதிரித் தலைப்பை எத்தனை முறைதான் பொறுத்துக்கொள்வது? பயோமார்க்கர் என்று கண்ணில் பட்டாலே நம் மொழிபெயர்ப்பாளர்கள் 'அறிகுறி' போட்டுவிடுகிறார்கள்.

பயோ கிரேக்கம், உயிர்வாழ்வு. மார்க்கர் ஆங்கிலம், அடையாளம் காட்டுவது. பிறப்பு அவ்வளவுதான். உடலுக்குள் நடப்பதைக் காட்டும், அளக்கக்கூடிய எதுவும் பயோமார்க்கர். சர்க்கரைக்காரர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கும் எச்பிஏ1சி என்ற ரத்த அளவு அதில் ஒன்று.

அறிகுறி வேறு. அலை வருவதாகக் கனாக்கண்டு நடுராத்திரியில் அலறி எழுவது அறிகுறி. 2004 சுனாமி தாக்கிய இந்தோனேசியாவின் அச்சே பகுதியில், 14 ஆண்டுகள் கழித்துப் பெண்களின் தலைமுடியில் கார்ட்டிசாலை, அதாவது பதற்றத்தில் உடம்பு சுரக்கும் ஹார்மோனை, அளந்தார்கள். முடி மாதம் சுமார் 1 செ.மீ. வளரும், வேரை ஒட்டி வெட்டிய 3 செ.மீ.யில் மூன்று மாதக் கணக்கு இருக்கும். அலை அடித்த கரையோரப் பெண்களுக்கு, அடிக்காத பக்கத்து ஊர்ப் பெண்களைவிடக் கார்ட்டிசால் குறைவு! சுனாமிக்குப் பின் இரண்டு ஆண்டுகள் விடாமல் மனவடுவோடு இருந்தவர்களிடம் இது நன்றாகத் தெரிந்தது. பதறிப் பதறி ஓய்ந்துபோன உடம்பு. சரி, "முடியில கார்ட்டிசால் குறைஞ்ச மாதிரி இருக்கு டாக்டர்" என்று யாராவது போய்ச் சொல்வார்களா?

'உயிரியல் குறியீடு' என்போர் இன்னொரு கூட்டம். குறியீடு என்பது நாமாக வைத்துக்கொள்வது: அஞ்சல் குறியீடு, சோப்பு டப்பாவில் பட்டைக் குறியீடு. கார்ட்டிசாலை முடிக்குள் யார் வைத்தார்கள்? 'உயிர்க்குறி' என்றால் நாடி, மூச்சு பார்ப்பதோடு குழம்பும். 'உடற்குறி' என்றால் பள்ளிச் சான்றிதழில் எழுதும் மச்சம்தான் நினைவுக்கு வருகிறது. தனித்தமிழ் நண்பர் ஒருவர் 'மெய்ப்பாடு' என்கிறார். ஆசை எனக்கும் உண்டு. அச்சத்தையும் அழுகையையும் மெய்ப்பாடு என்று உடம்பில் படித்தது தொல்காப்பியம். ஆனால் மெய்ப்பாடு எதிரே நிற்பவர் கண்ணுக்குத் தெரியும். இதற்கு ஆய்வகம் வேண்டும்.

என் ஓட்டு 'உடற்சுட்டி'க்கு. கணினிச் சுட்டி நினைவுக்கு வரும் என்பார்கள், வரட்டும். சுட்டு என்பது 'அதோ' என்று கைகாட்டுவது, தீர்ப்புச் சொல்வதில்லை. கார்ட்டிசாலும் அப்படித்தான்; மனவடு நோயை இன்றும் மருத்துவர் உட்கார்ந்து பேசித்தான் உறுதிசெய்கிறார், ரத்தப் பரிசோதனைச் சீட்டை வைத்து அல்ல. பிடிக்கவில்லையா, பயோமார்க்கர் என்றே எழுதிவிட்டுப் போங்கள்.