ஐரோப்பாவுக்குக் குழந்தையோடு போகிறீர்களா? ஸ்வெட்டருக்கு முன்னால் இதைப் பாருங்கள்

கோடை விடுமுறை நெருங்கினால் என் அறைக்கு வரும் பெற்றோரில் சிலர் காய்ச்சல், சளிக்காக வருவதில்லை. பாரிஸ், சுவிட்சர்லாந்து, ரோம் என்று டிக்கெட் போட்டாகிவிட்டது. மடியில் ஒன்றரை வயது, பக்கத்தில் நாலு வயது. கேள்வி இரண்டுதான்: "குளிர் தாங்குமா டாக்டர்?", "சாப்பாட்டுக்கு என்ன பண்றது?" நியாயமான கேள்விகள்தான். ஆனால் போய்வந்த குடும்பங்கள் என்னிடம் சொல்லும் சிக்கல்களில் இந்த இரண்டும் கடைசியில்தான் வருகின்றன. முன்னால் வருபவை ஜன்னல், மருந்து பாட்டில், மலை உச்சி, புல்வெளி. இவற்றைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சாப்பாட்டை முதலில் முடித்துவிடலாம். சர்க்கரை சேர்க்காத தயிர் எல்லா சூப்பர் மார்க்கெட்டிலும் இருக்கும். அரிசி, வாழைப்பழம், முட்டை, உருளைக்கிழங்கு, பால் எதற்கும் பஞ்சமில்லை. மேற்கு ஐரோப்பிய நகரங்களில் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். ரயில் கழிவறைக் குழாயையும் 'குடிநீர் அல்ல' என்று எழுதிவைத்த குழாயையும் மட்டும் விட்டுவிடுங்கள். ஊரிலிருந்து நெய், பால்கோவா கட்டிக்கொண்டு போகாதீர்கள். வெளியிலிருந்து வரும் பயணிகள் இறைச்சி, பால் பொருட்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரத் தடை உண்டு. கைக்குழந்தைக்கான பால் பவுடருக்கு விலக்கு இருக்கிறது: சீல் பிரிக்காத, ஃபிரிட்ஜில் வைக்கத் தேவையில்லாத டின், ஆளுக்கு 2 கிலோ வரை. வேர்க்கடலை, முந்திரி ஒவ்வாமை உள்ள குழந்தை என்றால், பாக்கெட் உணவுகளில் 14 வகை ஒவ்வாமைப் பொருட்களைத் தனித்துத் தெரியும்படி அச்சிட வேண்டும் என்பது அங்கே சட்டம். போகும் நாட்டு மொழியில் அந்த ஒவ்வாமைப் பொருளின் பெயரை எழுதி செல்போனில் படமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஜன்னல். நம் வீட்டு ஜன்னலில் கம்பி இருக்கிறது. நம் குழந்தைகள் நிற்கப் பழகும் நாளிலிருந்து அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் திண்டில் ஏறுகிறார்கள். நாமே தூக்கி நிறுத்தி, காக்காவைக் காட்டிச் சோறு ஊட்டியிருக்கிறோம். ஜன்னல் என்றால் சாய்ந்துகொள்ளும் இடம் என்று அந்தச் சின்ன மூளையில் பதிந்திருக்கிறது. ஐரோப்பிய விடுதி ஜன்னல்களில் பெரும்பாலும் கம்பி கிடையாது. பாரிஸின் பழைய கட்டிடங்களில் ஜன்னல் ஏறக்குறைய தரைவரை இறங்கும். குறுக்கே ஓர் இரும்புத் தடுப்பு மட்டும் இருக்கும். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்தில் இன்னொரு வகை. கைப்பிடி கீழ்நோக்கி இருந்தால் ஜன்னல் மூடியிருக்கும். மேல்நோக்கித் திருப்பினால் தலைப்பக்கம் மட்டும் உள்ளே சாய்ந்து காற்று வரும். பக்கவாட்டில் நின்றால் கதவுபோல முழுதாகத் திறந்துகொள்ளும். இது தெரியாமல் திருகிப் பார்க்கும் அப்பா, முழுதாகத் திறந்ததும் "நல்ல காத்து" என்று அப்படியே விட்டுவிடுவார்.

வியன்னாவில் மூன்றாவது மாடி அறையில் நடந்ததை ஒரு தாய் என்னிடம் சொன்னார். ஜன்னல் திறந்திருந்தது. அதன் அடியிலேயே பெரிய சூட்கேஸைக் கிடத்தியிருந்தார்கள். மூன்று வயதுப் பையன் டிராம் வண்டியைப் பார்க்க சூட்கேஸ்மேல் ஏறி, பிடிக்கக் கம்பியைத் தேடி வெளியே கையை நீட்டியிருக்கிறான். பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்ததால் தப்பினான். அறைக்குள் நுழைந்ததும் வைஃபை பாஸ்வேர்டு கேட்பதற்கு முன் ஜன்னல்களைப் பாருங்கள். நாற்காலி, சோபா, பெட்டி எதுவும் ஜன்னலடியில் இருக்கக் கூடாது. காற்று வேண்டுமென்றால் தலைப்பக்கம் மட்டும் சாயும் நிலையில் வையுங்கள். அறை பதிவு செய்யும்போதே கீழ்த்தளம் கேட்டுப் பாருங்கள், கொடுப்பார்கள்.

ஜன்னலைத் திறக்கத் தூண்டுவது வெயில். ஐரோப்பா என்றாலே குளிர் என்று நினைத்துப் பெட்டி நிறைய கம்பளி அடுக்குகிறோம். 2019 ஜூலை 25 அன்று பாரிஸில் 42.6 டிகிரி செல்சியஸ் பதிவானது. 2022 ஜூலையில் இங்கிலாந்திலேயே வெப்பம் முதல் முறையாக 40 டிகிரியைத் தாண்டியது. அங்கே நிறைய விடுதிகளில் ஏசி கிடையாது. வெப்பத்தை உள்ளே தக்கவைக்கும்படி கட்டிய அறைகள் அவை. ஜூன் கடைசியில் பாரிஸில் சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகிவிடும். குழந்தை தூங்காது, சாப்பிடாது, எரிச்சல் படும். நம்மூர் நேரத்துக்கும் மத்திய ஐரோப்பிய நேரத்துக்கும் கோடையில் மூன்றரை மணி நேர வித்தியாசம். எனவே முதல் சில நாட்கள் விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கே எழுந்து உட்கார்ந்துகொள்ளும். ஜூலை, ஆகஸ்டில் போவதாக இருந்தால் ஏசி இருக்கிறதா என்று கேட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். ஆறேழு மணி நேரமாகக் குழந்தை சிறுநீர் கழிக்கவில்லை என்றால் ஊர்சுற்றலை நிறுத்திவிட்டு ஓஆர்எஸ் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். அப்படியும் சிறுநீர் வரவில்லை, குழந்தை துவண்டு கிடக்கிறது என்றால் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

அறைக்குள் இருக்கும் இன்னொன்று மின்சாரக் கெட்டில். மேசை விளிம்பில் வயர் தொங்கும். தவழும் குழந்தை அதைத்தான் முதலில் இழுக்கும். வெந்நீர் கொட்டிவிட்டால் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் தொடர்ந்து ஓடவிடுங்கள். பேஸ்ட், மஞ்சள், இங்க் எதுவும் வேண்டாம்.

மருந்து விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். "உங்க பாப்பாவுக்குக் காய்ச்சலுக்கு எவ்வளவு கொடுப்பீங்க?" என்று கேட்டால் பெரும்பாலான தாய்மார்கள் "ஒன்றரை எம்எல்" என்பார்கள், அல்லது "அரை மூடி". எந்த பாட்டிலில் என்று கேட்டால் திகைப்பார்கள். நம்மூர் பாராசிட்டமால் டிராப்ஸில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். பிரான்சில் கிடைக்கும் குழந்தைகளுக்கான சிரப்பில் ஒரு மில்லிக்கு 24 மில்லிகிராம். ஜெர்மனியின் சிரப்பில் 40. இங்கிலாந்தில் கைக்குழந்தைகளுக்கான சிரப்பில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம். ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானதில் அதே 5 மில்லிக்கு 250. பத்து கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம் (கிலோவுக்கு 15) என்று வைத்துக்கொண்டால், நம்மூர் டிராப்ஸில் அது ஒன்றரை மில்லி, ஜெர்மனியில் மூன்றேமுக்கால், பிரான்சில் ஆறேகால். ஒன்றில் பழகிய 'எம்எல்' கணக்கை இன்னொன்றில் போட்டால் காய்ச்சல் இறங்காது, அல்லது ஈரலுக்குக் கெடுதல். பிரெஞ்சு சிரப்போடு வரும் அளவு சிரிஞ்சில் கிலோ கணக்கில்தான் கோடு இருக்கும்; மருந்துக்கடைக்காரர் முதலில் கேட்பதும் எடையைத்தான். கிளம்புவதற்கு முந்தின வாரம் குழந்தையை எடைபோட்டு, அந்த எண்ணையும் ஒருவேளைக்கு எத்தனை மில்லிகிராம் என்பதையும் உங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பழகிய மருந்தையே கொண்டுபோவது இன்னும் நல்லது. சீட்டோடு, அசல் டப்பாவோடு, கைப்பையில். வீசிங் உள்ள குழந்தைக்கு இன்ஹேலரும் ஸ்பேசரும் கைப்பையில் இருந்தே ஆக வேண்டும். பெட்டி வேறு ஊருக்குப் போய்விடுவது நடக்கிற காரியம். ஆன்டிபயாடிக்கை நம்மூர் மாதிரி கடையில் கேட்டு வாங்க முடியாது. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கடைகள் மூடியிருக்கும், முறை வைத்து ஒன்றிரண்டு மட்டும் திறக்கும். மூடிய கடைக் கதவிலேயே அந்த விவரம் இருக்கும். அவசரம் என்றால் 112. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும், சுவிட்சர்லாந்திலும் இங்கிலாந்திலும்கூட இந்த எண் இலவசமாக வேலை செய்யும். ஆம்புலன்ஸ் தேவைப்படாத, ஆனால் விடியும்வரை பொறுக்க முடியாத காய்ச்சலுக்கு ஜெர்மனியில் 116117, இங்கிலாந்தில் 111. ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ காப்பீடு கட்டாயம் என்பதால் எல்லோரும் எடுத்துவிடுகிறார்கள். ஆஸ்துமா, வலிப்பு போல ஏற்கெனவே உள்ள நோய்க்கு அது பணம் தருமா என்று யாரும் படித்துப் பார்ப்பதில்லை. பாருங்கள்.

விமானத்தில் தூங்கவைக்க மருந்து கேட்பவர்களுக்கு நான் எழுதித் தருவதில்லை. தூக்கம் வரவைக்கும் சளி மருந்துகள் இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தையின் மூச்சையே அடக்கிவிடக்கூடியவை. இறங்கும்போது காதடைத்து அழுதால் தாய்ப்பாலோ பாட்டிலோ கொடுங்கள். விழுங்க விழுங்கக் காது திறக்கும்.

சுவிட்சர்லாந்து போகிற எல்லோரும் யுங்ஃப்ராவ்யோக் என்ற பனிமலை ரயில் நிலையத்துக்குப் போகிறார்கள். கடல்மட்டத்திலிருந்து 3,454 மீட்டர். கீழே உள்ள கிரிண்டல்வால்ட் கிராமம் ஏறக்குறைய 1,030 மீட்டரில் இருக்கிறது. மலை ரயிலும் 2020 டிசம்பரில் தொடங்கிய கேபிள் காரும் சேர்ந்து முக்கால் மணி நேரத்தில் அங்கிருந்து உச்சிக்குக் கொண்டுபோய் விட்டுவிடுகின்றன. உச்சியில் காற்றழுத்தம் நம்மூரில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். உடம்பு பழகிக்கொள்ள நேரமே கிடைப்பதில்லை. பெரியவர்கள் "தலை வலிக்குது" என்று சொல்லிவிடுவார்கள். ஒரு வயதுக் குழந்தை எப்படிச் சொல்லும்? சிணுங்கும், பால் குடிக்க மறுக்கும், வாந்தி எடுக்கும், வழக்கமில்லாத நேரத்தில் சோர்ந்து தூங்கும். பெற்றோர் அதைக் குளிர் என்றோ களைப்பு என்றோ நினைத்து இன்னொரு கம்பளியைச் சுற்றுவார்கள். அதற்கு மருந்து கீழே இறங்குவதுதான். அடுத்த ரயிலிலேயே இறங்கிவிட வேண்டும். பிறவி இதயக் குறை, குறைப்பிரசவத்தால் வந்த நுரையீரல் பலவீனம், சமீபத்திய நிமோனியா இவை இருந்தால் ஏறவே கூடாது. மற்றபடி ஆரோக்கியமான குழந்தையாக இருந்தாலும், இரண்டு வயதுக்குக் கீழ் என்றால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். 2,061 மீட்டரில் இருக்கும் கிளைன ஷைடெக் ரயில் நிலையம் வரை போனாலே பனிமலைகள் கண்முன் நிற்கும், குழந்தை விளையாட இடமும் இருக்கும். டூர் கட்டணத்தில் உச்சி டிக்கெட்டும் சேர்ந்திருக்கிறது என்பதற்காகக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறுவதில் எனக்கு உடன்பாடில்லை.

காரில் போவதானால் குழந்தை இருக்கை கட்டாயம். ஜெர்மனியில் 12 வயது அல்லது 150 சென்டிமீட்டர் உயரம், இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுவரை. டாக்சிகளுக்கு நாட்டுக்கு நாடு சலுகை மாறும். சட்டம் விட்டுக்கொடுத்தாலும் மோதலின் வேகம் விட்டுக்கொடுக்காது. மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ளும் பழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட்டுப் போங்கள். முடிந்தவரை ரயிலையே தேர்ந்தெடுங்கள். சுவிஸ் இன்டர்சிட்டி ரயில்கள் சிலவற்றில் மேல்தளத்தில் சறுக்குமரத்தோடு குழந்தைகள் பெட்டியே இருக்கிறது.

கடைசியாக, திரும்பி வந்த பிறகு. மத்திய ஐரோப்பாவின் காடுகளிலும் உயரமான புல்வெளிகளிலும் வசந்தம் முதல் இலையுதிர்காலம்வரை உண்ணிகள் உண்டு. நம்மூரில் மாட்டிலும் நாயிலும் பார்க்கும் உண்ணி மாதிரிதான், ஆனால் எள்ளளவு இருக்கும். புல்லில் விளையாடிய நாளில் குளிப்பாட்டும்போது காதுக்குப் பின்புறம், தலைமுடி, அக்குள், தொடையிடுக்கு, முழங்கால் மடிப்பு எல்லாவற்றையும் விரலால் தடவிப் பாருங்கள். கடித்துக்கொண்டிருந்தால் எண்ணெய் ஊற்றாதீர்கள், சூடு வைக்காதீர்கள். கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். ஒரு நாளைக்குள் எடுத்துவிட்டால், உண்ணிக் கடியால் பரவும் பாக்டீரியா தொற்றான லைம் நோய் தொற்றும் வாய்ப்பு மிகவும் குறைவு. தொற்றியிருந்தால் மூன்று நாள் முதல் ஒரு மாதத்துக்குள் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவந்த வட்டம் மெதுவாகப் பெரிதாகும். பெரும்பாலும் அரிப்பு இருக்காது. அதற்குள் நீங்கள் ஊர் திரும்பியிருப்பீர்கள். இங்கே அதைப் படர்தாமரை என்று நினைத்து களிம்பு கொடுத்துவிட வாய்ப்பு அதிகம். எங்களில் பலர் அந்த நோயை நேரில் பார்த்ததில்லை.

தட்டம்மையும் அப்படித்தான். உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய வட்டாரத்தில் 2024-இல் 1,27,000-க்கும் மேற்பட்டோருக்குத் தட்டம்மை வந்தது. நம் அட்டவணையில் முதல் தடுப்பூசி ஒன்பதாம் மாதம். அதற்கு முன்பே பயணம் என்றால் ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு ஒரு கூடுதல் தவணை போடலாம். அது கணக்கில் சேராது, ஒன்பதாம் மாதத்தில் மறுபடி போட வேண்டும். இதைக் கிளம்பும் முந்தின நாள் வந்து கேட்டால் பயனில்லை, ஒரு மாதம் முன்பே வாருங்கள். திரும்பி வந்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சலோடு உடம்பில் தடிப்பு தெரிந்தால் காத்திருப்போர் வரிசையில் மற்ற குழந்தைகளோடு உட்காராமல், போன் செய்துவிட்டு வந்து, எந்த நாடு, எந்தத் தேதி, புல்வெளியா நகரமா என்பதை முதலிலேயே சொல்லுங்கள். உண்ணி கடித்த இடத்தைத் தேதியோடு செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தால் அதையும் காட்டுங்கள்.