அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை நிறுத்தியதும் நெஞ்சு ஏன் எரிகிறது?

டென்மார்க்கில் 120 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. முடிவுகள் 2009-இல் வெளியாயின. அந்த 120 பேரும் வயிற்றுத் தொல்லை இல்லாத, ஆரோக்கியமானவர்கள். ஒரு பாதிப் பேருக்கு 12 வாரமும் மருந்தில்லாத வெற்று மாத்திரை. மறுபாதிக்கு முதல் 8 வாரம் இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் எசோமெப்ரசோல் தினம் 40 மி.கி., அடுத்த 4 வாரம் அவர்கள் அறியாமலே வெற்று மாத்திரை. அந்தக் கடைசி 4 வாரத்தில், மருந்தை நிறுத்தியவர்களில் 44 சதவீதம் பேர் நெஞ்செரிச்சல், எதுக்களிப்பு, மேல்வயிற்று உபாதை என ஏதாவது ஒன்றைச் சொன்னார்கள். மருந்தே தொடாதவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 15 சதவீதம்தான். அடுத்த ஆண்டு ஸ்வீடனில் 4 வாரம் மட்டும் அதே வகை மருந்தான பான்டோப்ரசோல் கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்விலும் இதே போக்கு தெரிந்தது.

நோயே இல்லாதவருக்கு மருந்து கொடுத்து நிறுத்தினால் நோயின் அறிகுறி வருகிறது. எனவே, மாத்திரையை விட்டதும் நெஞ்சு எரிந்தால் அதை மட்டும் வைத்து "எனக்கு இது இல்லாமல் முடியாது" என்று முடிவு கட்டக் கூடாது. பல ஆண்டுகளாக இதை விழுங்கிவருபவர்களில் பலர் அப்படி முடிவு கட்டியவர்கள்தான்.

காரணம் இரைப்பைச் சுவரில் இருக்கிறது. அங்குள்ள அமிலச் செல்களில் புரோட்டான் பம்பு என்ற புரதம் உண்டு. ஒரு பொட்டாசியம் அயனியை உள்ளே இழுத்து, ஒரு ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளுவது அதன் வேலை. இரத்தத்தில் இருப்பதைப்போல் பத்து லட்சம் மடங்குக்கும் மேலான அமிலச் செறிவை இந்தப் பம்புகள் உருவாக்குகின்றன. ஓமெப்ரசோல், பான்டோப்ரசோல், ரபிப்ரசோல் எல்லாம் அடைப்பது இவற்றைத்தான்.

விழுங்கும்போது இந்த மருந்துக்கு வீரியம் கிடையாது. சிறுகுடலில் கரைந்து, இரத்தம் வழியாக அமிலச் செல்லுக்கு வந்து, அங்கே சுரந்துகொண்டிருக்கும் அமிலத்தில் பட்ட பிறகே அது செயல்படும் வடிவத்துக்கு மாறிப் பம்பைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்தால் விடாது. அதனால்தான் இரத்தத்தில் அதன் அளவு ஒன்றிரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்தாலும், பலன் ஒரு நாளைத் தாண்டி நிற்கிறது. செல் புதிய பம்புகளைத் தயாரித்தால்தான் அமிலம் பழையபடி ஊறும்.

இந்த வேதியியல் தெரிந்தால் எப்படிச் சாப்பிடுவது என்பதும் புரிந்துவிடும். ஓடுகிற பம்பை மட்டுமே மருந்து பிடிக்கும்; பம்புகளை ஓட வைப்பது உணவு. காலை உணவுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு விழுங்கினால், சாப்பிடும் நேரத்தில் மருந்து இரத்தத்தில் நிறைந்திருக்கும். சாப்பிட்ட பிறகோ, இரவு படுக்கும்போது வெறும் வயிற்றிலோ போட்டால் பாதி வீண். மாத்திரையைப் பொடித்தாலோ மென்றாலோ மேல்பூச்சு உடைந்து, இரைப்பை அமிலத்திலேயே மருந்து சிதைந்துபோகும். முதல் நாளே முழு நிவாரணம் எதிர்பார்ப்பதும் தவறு; முழு அளவு பலன் வர 3 முதல் 5 நாள் பிடிக்கும். உடனடி எரிச்சலுக்கு, ஏற்கெனவே ஊறிய அமிலத்தை முறிக்கும் ஆன்டாசிட் திரவமே ஏற்றது. நம்மூர் மருந்துக்கடைகளில் பம்பை அடைக்கும் இந்த மாத்திரையைக் "கேஸ் மாத்திரை" என்று கேட்டு வாங்குகிறார்கள். வயிற்று உப்புசத்துக்கும் வாயுவுக்கும் இதனால் பெரிய பயன் இல்லை. ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக் எழுதும்போதெல்லாம் கூடவே இதையும் எழுதும் பழக்கத்துக்கும் பெரும்பாலோர் விஷயத்தில் மருத்துவக் காரணம் கிடையாது.

இனி நிறுத்தும்போது நடப்பது. அமிலம் குறைந்ததைக் கண்ட இரைப்பை, காஸ்ட்ரின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. காஸ்ட்ரின் அங்குள்ள ஹிஸ்டமின் செல்களைத் தூண்டி, வாரக்கணக்கில் பெருகவும் வைக்கிறது. ஹிஸ்டமின் அமிலச் செல்களை முடுக்குகிறது. மருந்து இருக்கும்வரை இந்த முடுக்கம் வெளியே தெரியாது. மருந்து நின்றதும், புதிய பம்புகள் தடையில்லாமல் முழு வேகத்தில் இயங்கும். பெருகிய செல்கள் பழைய அளவுக்குத் திரும்பவோ பல வாரம் ஆகும். டென்மார்க் ஆய்வில் மருந்தை நிறுத்திய நான்காவது வாரத்திலும் ஐந்தில் ஒருவருக்குத் தொல்லை இருந்தது.

ஆகவே நிறுத்த நினைப்பவர், மருத்துவரிடம் பேசிவிட்டு, 40 மி.கி.-யை 20 ஆக்கி இரண்டு முதல் நான்கு வாரம், பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று இறங்கலாம். இடையில் எரிந்தால் ஆன்டாசிட், அல்லது தேவைப்படும்போது மட்டும், ஹிஸ்டமினின் தூண்டலைத் தடுக்கும் ஃபேமோடிடின். ஃபேமோடிடினைத் தினமும் எடுத்தால் ஒன்றிரண்டு வாரத்திலேயே உடல் அதற்குப் பழகிப் பலன் மங்கும். தொல்லை இரண்டு மாதத்தைத் தாண்டியும் கடுமையாகத் தொடர்ந்தால், அது மருந்து நின்றதன் எதிர்வினை என்று சொல்ல முடியாது. மருந்து உண்மையிலேயே தேவைப்படலாம், அல்லது காரணம் அமிலமே அல்லாத வேறொன்றாக இருக்கலாம்.

எலும்பு முறிவு, சிறுநீரகப் பாதிப்பு, மறதி நோய் என்று வந்த செய்திகளைப் படித்துப் பயந்து நிறுத்துபவர்களும் உண்டு. அந்தச் செய்திகள் பெரும்பாலும் பழைய மருத்துவப் பதிவேடுகளைப் புரட்டிச் செய்த ஆய்வுகளிலிருந்து வந்தவை. இந்த மாத்திரை எழுதப்படுபவர்கள் பொதுவாகவே வயதில் மூத்தவர்கள், வேறு நோய்களும் வேறு மருந்துகளும் உள்ளவர்கள். எந்தக் கேடு மருந்தால் வந்தது, எது ஏற்கெனவே இருந்த நோயால் வந்தது என்று பதிவேட்டை வைத்து முழுமையாகப் பிரிக்க முடியாது. குலுக்கல் முறையில் பிரித்துக் கொடுத்தால்தான் அது தெளிவாகும். 2019-இல் வெளியான காம்பஸ் ஆய்வு அதைச் செய்தது: இதய, இரத்தநாள நோயாளிகள் 17,598 பேர், பான்டோப்ரசோல் 40 மி.கி. அல்லது வெற்று மாத்திரை, சுமார் 3 ஆண்டு. நிமோனியா, எலும்பு முறிவு, சிறுநீரக நோய், மறதி நோய் எதிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. குடல் தொற்று மட்டும் 1.0 சதவீதத்திலிருந்து 1.4 சதவீதமாகக் கூடியது. உணவோடு வரும் சால்மோனெல்லா போன்ற கிருமிகளைக் கொல்வதும் அமிலத்தின் வேலைதான் என்பதால் அந்த உயர்வில் வியப்பில்லை.

பல ஆண்டு பயன்பாட்டில் கவனிக்க வேண்டியவை வேறு. உணவுப் புரதத்திலிருந்து வைட்டமின் பி12 பிரிய அமிலம் வேண்டும். நீரிழிவு மருந்தான மெட்ஃபார்மினும் சேர்த்து எடுப்பவர்கள், சைவ உணவுக்காரர்கள் பி12 அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது. அரிதாக மெக்னீசியம் வெகுவாகக் குறைந்து தசை இழுப்பும் இதயத் துடிப்புக் கோளாறும் வரலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-இல் இதை எச்சரித்தது. சிலருக்கு மெக்னீசியம் கொடுத்தாலும் ஏறாது, மாத்திரையை நிறுத்தினால்தான் ஏறும்.

தாமாக நிறுத்தவே கூடாதவர்களும் உண்டு: உணவுக்குழாயில் கடும் புண் கண்டவர்கள், பாரெட் உணவுக்குழாய் (அமிலம் பட்டுப் பட்டு உணவுக்குழாயின் உட்பூச்சு மாறிப்போன நிலை) உள்ளவர்கள், இரத்தக் கசிவு ஆபத்தோடு ஆஸ்பிரினோ வலி மாத்திரையோ தொடர்ந்து எடுப்பவர்கள். இவர்களுக்கு மாத்திரை நின்றால் வருவது வெறும் எரிச்சலல்ல, உயிருக்கே ஆபத்தான இரத்தப்போக்காகவும் இருக்கலாம். விழுங்கும்போது உணவு அடைப்பது, மலம் கருப்பாகப் போவது, காரணமில்லாமல் எடை குறைவது, இரத்தசோகை ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் மாத்திரையைக் கூட்டுவதா குறைப்பதா என்ற யோசனையை ஒதுக்கிவிட்டு, முதலில் எண்டோஸ்கோபி பார்க்க வேண்டும்.