வலி சொல்லாத பல்

"வலியே இல்லை டாக்டர், நன்றாகத்தான் இருக்கிறது." இழந்த பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் டைட்டானிய உலோகத் திருகை, அதாவது பல் இம்ப்ளான்டை, பொருத்திக்கொண்டவர்கள் இப்படிச் சொல்லும்போது மருத்துவர் முழுதாக நிம்மதி அடைய முடியாது. இம்ப்ளான்ட் கெட்டுப்போகும்போது பெரும்பாலும் வலிப்பதில்லை.

இயற்கைப் பல்லின் வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே, சுமார் கால் மில்லிமீட்டர் தடிமனில் ஒரு நார்த்திசு மெத்தைபோல இருக்கிறது. கடிக்கும் விசையைத் தாங்குவதும், சோற்றில் கல் அகப்பட்டால் மூளைக்கு உடனே சொல்வதும் அதுதான். இம்ப்ளான்டைச் சுற்றி அது கிடையாது. டைட்டானியத்தோடு எலும்பு நேரடியாகப் பிணைகிறது. ஸ்வீடனின் பெர்-இங்வார் பிரோனமார்க் 1950களில் முயல் எலும்பில் கண்டது இந்தப் பிணைப்பைத்தான். 1965இல் அதை முதன்முதலாக மனிதத் தாடையில் பயன்படுத்தினார்.

பிணைப்பு உருவாகும் முதல் சில மாதங்களில் இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று சூடு: துளையிடும்போது எலும்பு 47 டிகிரி செல்சியஸை எட்டி ஒரு நிமிடம் நீடித்தாலே செல்கள் சாகத் தொடங்கும். அதனால்தான் உப்புநீரைப் பீய்ச்சிக்கொண்டே, கூரான முனையால் விட்டுவிட்டுத் துளைக்கிறார்கள். மற்றொன்று அசைவு. ஆறும் காலத்தில் திருகு சற்றே ஆடிக்கொண்டிருந்தாலும் எலும்புக்குப் பதிலாக வெறும் நார்த்திசு வளர்ந்துவிடும். அப்படி ஆடும் இம்ப்ளான்டை எடுத்துவிட்டு, எலும்பு ஆறியபின் மறுபடி வைப்பதே வழி. ஆனால் மேலே உள்ள செயற்கைப் பல் மட்டும் ஆடினால் பயப்பட வேண்டாம். அதை இம்ப்ளான்டோடு இணைக்கும் சிறு திருகு தளர்ந்திருக்கும். அதைச் சீக்கிரம் முடுக்கிக்கொள்ள வேண்டும், தள்ளிப்போட்டால் திருகு முறியலாம்.

கீழ்த்தாடைக்குள் உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்வு தரும் நரம்பு ஓடுகிறது. முப்பரிமாண ஸ்கேன் பார்த்து, அதிலிருந்து குறைந்தது 2 மில்லிமீட்டர் தள்ளி நிறுத்துவது வழக்கம். மரப்பு ஊசியின் வேலை முடிந்த பிறகும் உதடு மரத்தே இருந்தால், அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள். திருகு நரம்பை அழுத்துகிறது என்றால் முதல் ஒன்றரை நாளுக்குள் எடுப்பதில் பலன் அதிகம். "தானாகச் சரியாகும்" என்று வாரக்கணக்கில் காத்திருப்பது என்னைப் பொறுத்தவரை மிக மோசமான முடிவு.

ஆண்டுகள் கழித்து வருவது கிருமித் தொற்று. பல்லைச் சுற்றியுள்ள ஈறின் நார்கள் வேருக்குள்ளேயே ஊன்றி நிற்கும். இம்ப்ளான்டைச் சுற்றி அவை பெரும்பாலும் இணையாகத்தான் ஓடுகின்றன, பிடிப்பு இல்லை. கிருமிகள் எளிதில் கீழே இறங்கிவிடும். கிரீடத்தை, அதாவது மேலே உள்ள செயற்கைப் பல்லை, ஒட்டியபோது ஈறுக்கடியில் தங்கிவிட்ட சிமென்ட் துணுக்கும் இதற்கு வழிசெய்யும். புகைப்பழக்கமும் கட்டுப்படாத சர்க்கரையும் ஆபத்தைக் கூட்டும்.

ஈறு மட்டும் சிவந்து ரத்தம் கசியும் கட்டத்தில் நல்ல சுத்தம் போதும், மீட்டுவிடலாம். எலும்பு கரையத் தொடங்கிவிட்டால் கதை வேறு. திருகின் மரைகளுக்குள் படிந்த கிருமிப் படலத்தை மேலிருந்து சுரண்டி எடுப்பது கடினம். ஈறைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். சில வகைக் குழிகளில் எலும்புத் தூள் நிரப்பலாம். போன எலும்பு முழுதாகத் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது.

ஆகவே வலி செய்யாத எச்சரிக்கை வேலையை அளவீடுதான் செய்ய வேண்டும். கிரீடம் பொருத்திய அன்று எடுக்கும் எக்ஸ்ரேயைப் பத்திரப்படுத்துங்கள்; பின்னாளில் எலும்பு எவ்வளவு இறங்கியது என்பதை அதோடு ஒப்பிட்டுத்தான் அறிய முடியும். இம்ப்ளான்டின் நிறுவனம், வகை, அளவு ஆகியவற்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வேறு ஊரில் திருகு தளர்ந்தால், அதற்குப் பொருந்தும் முடுக்கியைத் தேட அந்த மருத்துவருக்கு அந்த விவரம் வேண்டும்.